மட்டக்களப்பில் மதிலும் முற்றமும் கழுவும் தொழில்: வேலை எங்கிருந்து வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதில், முற்றத்து இன்டர்லொக் கல், கூரை ஓடு, மழைத்தண்ணீர் வடியும் பீலி, தண்ணீர்த் தாங்கி, சோலார் தகடு என்று வீட்டுக்கு வெளியே இருப்பவற்றைக் கழுவிக் கொடுக்கும் வேலையைக் கல்லடிப் பக்கம் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இதற்கான, தண்ணீரை உயர் அழுத்தத்தில் அடிக்கும் மெஷினை வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் தொலைபேசியில் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எந்த மெஷின் நல்லது என்பதற்குக் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். வேலை எங்கிருந்து வரும் என்பதற்கு அவரும் சொல்லமாட்டார். ஒரே பதிலை இருபது தடவை சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் போக்கிலேயே இருக்கின்றன.

மெஷின் வாங்கிவிட்டேன் அண்ணன். முதல் வேலையை எங்கே பிடிப்பது?

உங்கள் மாமியார் வீட்டு மதிலில். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நம் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். அந்த வீட்டின் தெருப்பக்க மதில் கறுத்துக் கிடக்க, ஊரார் மதிலைக் கழுவித் தருகிறேன் என்று கிளம்பினால் யார் நம்புவார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கழுவுங்கள்.

எனக்கு இது யோசித்து வந்த புத்தி இல்லை. 2022 மார்ச் கடைசி, நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாட்கள். நாவற்குடாவில் ஒரு வீட்டு மதில். அப்போது என்னிடம் இருந்தது மின்சாரத்தில் ஓடும் சின்ன மெஷின். கேற்றில் தொடங்கி நடுவில் நின்ற வேப்பமரம்வரை கழுவியிருப்பேன், மின்சாரம் போய்விட்டது. மறுநாள் எனக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் மதில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு, வேப்பமரத்தடியில் கோடு கிழித்தது போல. வீட்டுக்கார அம்மா ஏசுவார் என்று பயந்துகொண்டே கேற்றைத் திறந்தேன். அவர் உள்ளே போய் ஒரு துண்டுக் கடுதாசியை எடுத்துவந்தார். “தெருவில் மூன்று பேர் உங்கள் நம்பர் கேட்டார்கள் மகன். அவர்களுடைய நம்பரை எழுதிவைத்திருக்கிறேன்.” அடுத்த வேலை நாம் கழுவிக்கொண்டிருக்கும் தெருவிலேயே இருக்கிறது என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். கீழே வரும் பதில்களில் பாதி இதைத்தான் வேறு வேறு மாதிரிச் சொல்கின்றன.

இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பார்கள்? ஒரு கூலியாளைப் பிடித்துத் தேய்ப்பித்துவிடுவார்களே?

கூலியாள் நன்றாகவே தேய்ப்பார். ஆனால் அவரைத் தேடிப் பிடித்து, தேநீர் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடு, பிள்ளைகள் சுவிஸிலும் லண்டனிலும் இருக்கத் தாய் மட்டும் இருக்கும் வீடு, பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டுக்காரர் வீடு ஆகிய மூன்றிலும் அந்த ஆள் இல்லை. நாலாவது வகை, விசேஷம் வைத்திருக்கும் வீடு. குடிபூரல், கல்யாணம், பிள்ளைக்குப் பூப்புனித நீராட்டு என்றால் பந்தல்காரர் வருவதற்கு முதல்நாள் முற்றம் சுத்தமாக இருந்தாகவேண்டும்.

நமக்கு உண்மையான போட்டி கூலியாள் இல்லை, பெயின்ட். மதில் கறுத்தால் வீட்டுக்காரருக்கு முதலில் வரும் யோசனை, “ஒரு கோட் அடித்துவிடுவோம்.” கறுப்பாகத் தெரிவது வெறும் அழுக்கு இல்லை, ஈரத்தில் வளர்ந்து காய்ந்துபோன பாசியும் பூஞ்சணமும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். அதன் மேல் பெயின்ட் அடித்தால் சுவரில் பிடிக்காது, அடுத்த மாரியில் உரிந்து வரும். இதைப் பெயின்டர்மாரும் நன்றாக அறிவார்கள். ஆகவே அவர்களைச் சினேகிதம் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த பெரிய வேலைகளில் கணிசமானவை, “முதலில் இவரைக் கூப்பிட்டுக் கழுவியெடுங்கள், பிறகு நான் வருகிறேன்” என்று பெயின்டர்கள் அனுப்பியவை.

வீட்டில் யாரிடம் பேசுவது? ஐயாவிடமா, அம்மாவிடமா?

அம்மாவிடம். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடு பெண் பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கப்படுவது. காணி உறுதி பெரும்பாலும் அவர் பெயரில்தான் இருக்கும். ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு மெஷின் எத்தனை குதிரை வலு என்று கேட்பார். கேட்டு முடித்ததும், “அவரிடம் ஒரு சொல் கேட்டுச் சொல்கிறேன்” என்பார். அந்த ‘அவர்’ குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆகவே விளம்பரமும் அவருக்காக எழுதப்பட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் மெஷினைப் படமெடுத்துப் போடுகிறார்கள். அவருக்கு மெஷின் முக்கியமில்லை. கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போகுமா, கொடியில் காயும் உடுப்பில் தெறிக்குமா, கழுவிய சேறு எங்கே போகும், வருகிற பொடியன்மார் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பவைதான் அவருடைய கவலைகள். அவர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். நான் வேலை தொடங்குமுன் மதிலோரச் செடிகளுக்கெல்லாம் நன்றாகத் தண்ணீர் தெளிப்பேன், முடிந்ததும் மறுபடி தெளிப்பேன். பாசியைக் கொல்ல மதிலில் தெளிக்கும் குளோரின் தண்ணீர், நனைந்த இலையிலும் மண்ணிலும் பட்டால் ஐதாகிவிடும். இதைச் செய்வதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் அந்த வீடு உங்களுடையது. பக்கத்து வீட்டு மாமியிடம் அவர் முதலில் சொல்லப்போவதும் மதில் வெள்ளையானதை இல்லை, “செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் தொடங்கினார்கள்” என்பதைத்தான்.

துண்டுப்பிரசுரம் அடிப்பது வீண் செலவா?

ஆயிரம் அடித்துச் சந்தையில் நின்று கொடுத்தால் வீண். பட்டாணிக் கடலை சுற்ற உதவும். நூறு அடித்தால் ஆறு மாதத்துக்குப் போதும், கொடுக்கும் இடம் தெரிந்தால்.

ஒரு வீட்டில் வேலை என்றால் முதல்நாள் பின்னேரமே இரண்டு பக்க வீட்டுக்கும் எதிரே உள்ள மூன்று வீட்டுக்கும் நேரில் போங்கள். துண்டில் இவ்வளவு போதும்: “நாளைக் காலை 8 மணி முதல் பக்கத்து வீட்டு மதில் கழுவுகிறோம். மெஷின் சத்தம் இருக்கும். மதிலோரம் உடுப்பு காயப்போட்டிருந்தால், வாகனம் நிறுத்தியிருந்தால் தயவுசெய்து அன்று மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஏதும் இடைஞ்சல் என்றால் இந்த நம்பருக்கு அழையுங்கள்.” விளம்பர வாசகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஐந்து வீட்டுக்கும் உங்கள் நம்பர் போய்விட்டது, நாளைக்கு ஐந்து வீடும் பார்க்கும். மரியாதை தெரிந்தவர்கள் என்ற பெயரும் வேலை தொடங்குமுன்னே வந்துவிடும்.

சுவரொட்டி ஒட்டலாமா? ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாமா?

மதில் கழுவுகிறவன் மதிலில் சுவரொட்டி ஒட்டுவதா! அந்தப் பசையைப் பிறகு நாமே காசில்லாமல் சுரண்ட வேண்டியிருக்கும். சந்தியில் பதாகை கட்டுவதென்றால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ அனுமதி பெறவேண்டும், கட்டணமும் உண்டு. கட்டினாலும் மரண அறிவித்தல், பரீட்சைச் சித்திக்கு வாழ்த்து, கோயில் திருவிழா என்று நூறு பதாகைக்குள் நம்முடையது நூற்றியோராவது.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். அதைவிட, ஓட்டோவில் வரும் குரலை நம் சனம் மீன் விற்பனையோடும் லொத்தர் சீட்டோடும் சேர்த்துத்தான் கேட்கும். எனக்கு விருப்பமில்லை.

பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் போட்டேன். விருப்பக்குறி நிறைய வந்தது, வேலை ஒன்றும் வரவில்லை. ஏன்?

விளம்பரம் எந்த ஊருக்குப் போனது என்று பார்த்தீர்களா? ‘இலங்கை’ என்று மட்டும் தெரிவுசெய்தால் காலியில் இருப்பவரும் விருப்பக்குறி போடுவார். வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றிச் சில கிலோமீற்றரை மட்டும் தெரிவுசெய்ய வழி இருக்கிறது. இந்த வாரம் ஆரையம்பதியில் வேலை என்றால் புள்ளியை ஆரையம்பதியில் வையுங்கள். மேலே சொன்ன ஐந்து வீட்டுக் கதையேதான், கொஞ்சம் பெரிய வட்டமாக.

படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இணையத்தில் இறக்கிய வெளிநாட்டு வீட்டுப் படம், பச்சைப் புல்வெளியும் செங்கல் பாதையுமாக, யாரை ஏமாற்ற? நம் ஊர்ச் சீமெந்து மதில், மேலே உடைந்த போத்தல் ஓடு, பக்கத்தில் தென்னை, அதுதான் வேலை தரும். கழுவுமுன் எடுத்த அதே இடத்தில் நின்று, அதே வெயில் நேரத்தில், கழுவிய பின்னும் எடுங்கள். முன்னையதை மழை மூட்டத்திலும் பின்னையதை நல்ல வெயிலிலும் எடுத்தால் பார்ப்பவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஊர், மதிலின் நீளம், எடுத்த நேரம் என ஒரு வரி எழுதுங்கள். வீட்டுக்காரரின் சம்மதம் கேட்டு, வீட்டு இலக்கமும் வாகன இலக்கமும் தெரியாமல் போடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடென்றால் படமே போடாதீர்கள், ஆளில்லாத வீடு என்று கள்ளனுக்குச் சொன்னதாகிவிடும்.

வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் போதாதா?

ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் நம்பரைத் தங்கள் தொலைபேசியில் சேமித்துவைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். முன்பின் தெரியாத இருநூறு நம்பரைச் சேர்த்து அனுப்பி, “ஒருவரும் பதில் போடவில்லை” என்று வருத்தப்படுகிறவர்களுக்கு இதுதான் காரணம். பழைய மாணவர் குழுவிலும் கோயில் குழுவிலும் தினமும் போட்டால் நீக்கிவிடுவார்கள், நீக்கியதை ஊருக்கும் சொல்வார்கள்.

வேலை முடிந்ததும் நல்ல படம் இரண்டை வீட்டுக்காரருக்கே அனுப்புங்கள். “உங்கள் ஸ்டேட்டஸில் போட விரும்பினால்” என்று ஒரு சொல். அவருடைய அக்கா, தங்கை, மச்சாள், கூடப் படிப்பிக்கும் ரீச்சர்மார் எல்லோரும் அன்றிரவு அதைப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் காசு கட்டியும் நீங்கள் நுழைய முடியாது.

கூகுள் மேப்பில் பெயர் வருவதால் நமக்கு ஏதும் பயன் உண்டா? நமக்குத்தான் கடை இல்லையே?

கடை தேவையில்லை. முகவரியை மறைத்துவிட்டு, வேலை செய்யும் ஊர்களை மட்டும் காட்டும்படி பதியலாம், அதற்குக் கட்டணமும் இல்லை. உள்ளூர்க்காரர் பெரும்பாலும் கேட்டு விசாரித்துத்தான் ஆள் பிடிப்பார். கூகுளில் தேடுபவர் ரொறொன்ரோவில் இருந்துகொண்டு தாய் வீட்டை நினைப்பவர். அவருக்காகத்தான் இது. மதிப்புரையை வேலை முடிந்த அன்றே கேளுங்கள், தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். காசோ கழிவோ கொடுத்து மதிப்புரை வாங்குவது கூகுளின் விதிக்கு மாறானது, செய்யாதீர்கள்.

எந்த மாதத்தில் விளம்பரம் செய்தால் வேலை வரும்?

நம் தொழிலுக்குப் பஞ்சாங்கம்தான் வழிகாட்டி. இங்கே பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. நவம்பர், டிசம்பரில் கொட்டும், தைப்பொங்கல்வரை இழுக்கும். ஆகவே செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் பேச வேண்டியது பீலியைப் பற்றி. கச்சான் காற்று கொண்டுவந்து போட்ட சருகும் மண்ணும் பீலியை அடைத்திருக்கும். முதல் மழைக்கே தண்ணீர் சுவரில் இறங்கும், தேங்கிய தண்ணீரில் நுளம்பு முட்டையிடும். நுளம்பு பெருக இடம்வைத்தால் வழக்கு வரலாம், 2007ஆம் ஆண்டிலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. டெங்கு என்று சொல்லிப் பயமுறுத்தி வேலை பிடிக்கச் சொல்லவில்லை. ஏணி வைத்து ஏறி, பீலிக்குள் இருப்பதைப் படமெடுத்து, இறங்கிவந்து காட்டுங்கள். மிச்சத்தைப் படம் பேசிக்கொள்ளும்.

பொங்கலுக்கு முந்திய வாரம் எல்லோரும் கூப்பிடுவார்கள், மழையும் பெய்யும். கேற்றும் வாசல் முற்றமும் மட்டும் என்று சின்ன வேலையாக எடுங்கள். முழு மதிலுக்கு நல்ல காலம் பெப்ரவரியும் மார்ச்சும். பாசி முழுதாக வளர்ந்து நிற்கும், வெயில் வந்திருக்கும், பெரும்போக நெல் விற்ற காசும் கையில் இருக்கும். அதே ஓட்டத்தில் சித்திரைப் புத்தாண்டுவரை போகலாம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் கோயில் வீதியில் உள்ள வீடுகள் முதலில் கூப்பிடும். ஆடி அமாவாசைத் தீர்த்தம் நெருங்கும்போது மாமாங்கம், அமிர்தகழிப் பக்கமும் அப்படித்தான். ஜூலையிலும் ஓகஸ்டிலும் வெளிநாட்டுக்காரர் வருவார்கள். அவர்களுக்கான செய்தி மே மாதமே போய்விட வேண்டும், விமானச் சீட்டு எடுத்த கையோடு வீட்டைப் பற்றி யோசிப்பார்கள்.

கச்சான் மாதங்களில் சோலார் தகட்டில் தூசு படியும், கரையோர வீடுகளில் உப்பும். விடியற்காலையில், கண்ணாடி சூடேறுமுன், மென்மையான தூரிகையால் செய்யும் வேலை இது. பகல் உச்சியில் குளிர்ந்த தண்ணீரை அடித்தால் சூடான கண்ணாடி வெடிக்கலாம். உயர் அழுத்த மெஷின் இதற்கு வேண்டாம். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும் என்பதால் அவற்றை ஆண்டுதோறும் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

விலையை விளம்பரத்தில் போடலாமா?

சதுர அடிக் கணக்கைப் போடாதீர்கள். ஆறு அடி உயர மதில் நூறு அடி நீளம் என்றால் அறுநூறு சதுர அடி, இரண்டு பக்கமும் என்றால் ஆயிரத்து இருநூறு. இதை வீட்டுக்காரர் ஒரு பக்கக் கணக்காகவே எடுத்திருப்பார், வேலை முடிந்த பிறகு வாக்குவாதம். ‘இந்தத் தொகைக்குக் குறைந்து வரமாட்டோம்’ என்ற ஆகக் குறைந்த கட்டணத்தை மட்டும் போடுங்கள், வீணாக விசாரிப்பவர்கள் குறைவார்கள்.

விலை சொல்வது நேரில் பார்த்த பிறகு, வட்ஸ்அப்பில், எழுத்தில். எந்தப் பக்கம், எது சேராது, தண்ணீர் யாருடையது, எப்போது முடியும். தண்ணீரை மறந்துவிடாதீர்கள். வீட்டுப் பாவனைக்கான மெஷின் நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு லீற்றர் குடிக்கும். ஆயிரம் லீற்றர்த் தாங்கி இரண்டரை மணித்தியாலத்தில் வற்றிவிடும். ஆவணி வெயிலில் கிணறு அடி தட்டியிருக்கும் வீட்டில் இதைச் சொல்லாமல் தொடங்கினால், இரவு குளிக்கத் தண்ணீர் இல்லாமல் போகும்போது உங்கள் பெயர்தான் அடிபடும். பவுசர் பிடிப்பதென்றால் அதன் கூலியைத் தனி வரியில் எழுதுங்கள்.

பேரம் பேசுகிறார்கள். அடுத்த ஊர்க்காரர் பாதி விலைக்குச் செய்கிறாராம். என்ன சொல்வது?

பேரம் பேசாவிட்டால்தான் பயப்பட வேண்டும், அவர் கூப்பிடப்போவதில்லை. குறைத்துக் கேட்டால் வேலையையும் குறையுங்கள். “அந்தக் காசுக்குத் தெருப்பக்கம் மட்டும் செய்கிறேன் அக்கா.” அதே வேலையைப் பாதிக் காசுக்குச் செய்தால் முதலில் சொன்ன விலை பொய் என்றாகிவிடும்.

பாதி விலைக்காரரைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் வேண்டாம், அவரும் யாருக்கோ மருமகன். வித்தியாசத்தை மட்டும் சொல்லுங்கள். வெறும் தண்ணீரை அடித்தால் மேல் பாசி போகும், சீமெந்தின் துளைக்குள் இருப்பது சாகாது, அடுத்த மழைக்குத் திரும்ப வரும். நாம் குளோரின் கரைசல் தெளித்து, ஊறவிட்டு, பிறகு கழுவுகிறோம். எத்தனை காலம் நிற்கும் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: மரநிழலும் ஈரமும் உள்ள மதில் சீக்கிரம் கறுக்கும், வெயில் படும் மதில் தாங்கும். ‘ஐந்து வருட உத்தரவாதம்’ என்று கடலோரத்தில் ஒருவர் அச்சடித்திருப்பதைக் கண்டேன். சிரிப்பு வந்தது.

சொந்தக்காரரிடம் எப்படிக் காசு கேட்பது? ஊரே சொந்தமாக இருக்கிறது.

வாயால் கேட்காதீர்கள், பற்றுச்சீட்டால் கேளுங்கள். முழுத் தொகையை எழுதி, கீழே ‘உறவுக் கழிவு’ என்று ஒரு வரி போட்டுக் கழித்து, மிச்சத்தை எழுதிக் கொடுங்கள். அவருக்கு மனம் குளிரும், அடுத்த சொந்தக்காரருக்கும் இது சும்மா கிடைப்பது இல்லை என்று தெரியும். மரண வீட்டில் மட்டும், 31ஆம் நாள் கிரியைக்கு முற்றம் கழுவ நான் காசு வாங்குவதில்லை. அதை எங்கும் விளம்பரப்படுத்துவதும் இல்லை.

காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் போய் நான் வேலை பிடிக்க முடியுமா? நான் தமிழன், அங்கே யாரையும் தெரியாது.

ஏன் முடியாது? ஆரையம்பதி மதிலும் காத்தான்குடி மதிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன, இரண்டிலும் வளர்வது ஒரே பாசி. தெரியாத ஊரில் தெரிந்த ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஊர்த் தம்பி ஒருவரை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடுகள் நெருங்கியிருப்பதால் பக்கத்து வீட்டுத் துண்டு அங்கே இன்னும் நன்றாக வேலை செய்யும், மண் தெறித்தால் சண்டையும் இன்னும் சீக்கிரம் வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மெஷினை நிறுத்திவிடுங்கள். நோன்பு மாதத்தில் காலையில் வெள்ளனத் தொடங்காதீர்கள், ஸஹருக்கு எழும்பி, சுபஹ் தொழுதுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரும் நேரம் அது. ஆண்கள் இல்லாத வீடென்றால் வாசலில் நின்று, “ராத்தா, நானா இருக்கும்போது வருகிறோம்” (அக்கா, அண்ணன் இருக்கும்போது) என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். முடிவு அவருடையதுதான் என்றாலும் பேச்சு அந்த முறையில் நடக்க வேண்டும்.

அம்பாறை நகரம் என்றால் சிங்களத்தில் ஒரு செய்தி ஆயத்தமாக இருக்கட்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போவதென்றால் ஒரே நாளில் இரண்டு மூன்று வீடு சேர்ந்த பிறகு போங்கள், இல்லாவிட்டால் எரிபொருளே கூலியைத் தின்றுவிடும்.

நான் பெண். இந்தத் தொழிலுக்கு என்னைக் கூப்பிடுவார்களா?

ஏறாவூரிலிருந்து ஒரு தங்கை கேட்டது. உங்களுக்குத்தான் வாசல் முதலில் திறக்கும். வீடு யாருடையது, கவலை யாருடையது என்று மேலே எழுதியிருக்கிறேன். பார்வையிட்டு விலை சொல்லும் வேலையைப் பெண் ஒருவர் செய்தால் வீட்டுக்காரி வளவின் பின்பக்கம்வரை கூட்டிப்போய்க் காட்டுவார், கிணற்றடியையும் சேர்த்து. என்னை வாசலோடு நிறுத்திவிடுவார்கள். கூரை ஏறுவதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். நம்பிக்கையைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது.

பதிவு செய்ய வேண்டுமா, சும்மா தொடங்கலாமா?

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் கேட்பார்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவருக்கு அது பெரிய தைரியம்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற் கூரையையும் மெஷினால் கழுவித் தரச் சொல்கிறார்கள். மறுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவாரே?

போகட்டும். உயர் அழுத்தத் தண்ணீர் சீற்றின் மேற்பரப்பைச் சுரண்டி நாரைக் கிளப்பும். காய்ந்த பிறகு அது காற்றில் கலந்து உங்கள் நெஞ்சுக்குள்ளும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் போகும், பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம். பழைய சீற் ஆளின் பாரத்தையும் தாங்காது, கால் வைத்த இடத்தில் விழுந்துவிடுவீர்கள். நான் ஏன் செய்யமாட்டேன் என்று கல்முனையில் ஒரு ஐயாவிடம் நின்று விளக்கினேன். முகம் சுளித்தார். ஒரு மாதம் கழித்து முற்றத்துக்கும் மதிலுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொன்ன வேலையும் சில வேளை விளம்பரமாகிறது, அதை நம்பி மறுக்கத் தேவையில்லை.

மதிலில் கேட்காமல் ஒரு துண்டை மட்டும் கழுவிவிட்டுப் போனால், மிச்சத்துக்கு அவர்களாகவே கூப்பிடுவார்கள் என்கிறார்களே?

என் வேப்பமரக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் கடைசியில் இங்கேதான் வருகிறார்கள். அது வேலை தந்த வீடு, பாதியில் நின்றது என் கைமீறி. கேட்காமல் ஒருவரின் மதிலில் வெள்ளைக் கட்டம் போட்டுவிட்டு வருவது அவரை இக்கட்டில் மாட்டுவது. கூப்பிடுவார், ஏசுவதற்கு. கேட்டுச் செய்யுங்கள்: “அம்மா, கேற்றுக்கு உள்பக்கம் ஒரு முழம் கழுவிக் காட்டவா?” உள்பக்கம் என்றால் அவருக்கு வெட்கம் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் சுதந்திரம் இருக்கிறது. அநேகம் பேர் சொல்வதில்லை.

வேலை பிழைத்துவிட்டால் பெயர் கெட்டுவிடாதா?

புளியந்தீவில் ஒரு பழைய வீடு, சுண்ணாம்புச் சாந்துச் சுவர். கூட வந்த தம்பி, தண்ணீர் அடிக்கும் குழாயில் வெள்ளை முனையைப் போட வேண்டிய இடத்தில் மஞ்சளைப் போட்டுவிட்டார். வெள்ளை நாற்பது பாகை விரித்து அடிக்கும், மஞ்சள் பதினைந்து பாகையில் கத்தி போல இறங்கும். சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குச் சாந்து பெயர்ந்து விழுந்தது. வீட்டுக்கார ரீச்சர் பள்ளிக்கூடத்தில் இருந்தார். மறைக்க நினைத்திருந்தால் பூச்சாடியை நகர்த்திவைத்திருக்கலாம், தம்பி சாடியில் கையும் வைத்துவிட்டார். படமெடுத்து ரீச்சருக்கு அனுப்பி, “எங்கள் பிழை, இன்றே மேசனைக் கூட்டிவருகிறேன்” என்று எழுதினேன். பின்னேரம் நாலு மணிக்கு அவர் வீடு வந்தபோது மேசன் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார். அன்றைய கூலி முழுவதும் அதில் போய்விட்டது. அந்த ஆண்டு அவருடைய பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் நாலு பேர் கூப்பிட்டார்கள், நாலு பேருக்கும் சாந்து விழுந்த கதை தெரிந்திருந்தது.

உரிமையாளர் கனடாவில். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எனக்குப் பங்கு தா என்கிறார். கொடுப்பதா?

ஒளித்துக் கொடுத்தால் ஒருநாள் வெளியே வரும், கனடாவில் இருப்பவரும் இங்கே யாருக்கோ மச்சான்தான். பார்த்துக்கொள்பவரின் வேலைக்கு நியாயமாக ஒரு கூலி இருக்கிறது: கேற்றைத் திறந்துவிட்டு, நாள் முழுவதும் நின்று, பூட்டிவிட்டுப் போகிறார். அதைப் பற்றுச்சீட்டில் ‘மேற்பார்வை’ என்று எழுதி, உரிமையாளருக்குத் தெரிந்தே கொடுங்கள். இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை. வேலை முடிந்ததும் காணொளி அழைப்பில் உரிமையாளரை வளவைச் சுற்றிக் காட்டுங்கள். ஒரு முறை அப்படிக் காட்டியபோது அந்த அம்மா மதிலைப் பார்க்கவே இல்லை. “அந்த மாமரம் காய்த்திருக்கிறதா, கிட்டப் பிடியுங்கள்” என்று பத்து நிமிடம் மாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூன்று சகோதரிகளின் வீடும் இப்போது என் கணக்கில்.

மாரியில் மெஷின் சும்மா கிடக்கிறது. அந்த இரண்டு மாதமும் என்ன செய்வது?

போன ஆண்டுக் கொப்பியை எடுங்கள். யார் வீடு, எந்த மாதம், என்ன செய்தோம் என்று எழுதியிருப்பீர்கள், எழுதவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள். நல்ல மழை நாளாகப் பார்த்து நாளுக்கு ஐந்து பேருக்கு அழையுங்கள், விற்பதற்கு இல்லை. “மாமி, ஒக்டோபரில் பீலி துப்புரவாக்கினோமே, தண்ணீர் எங்கேயாவது வழிகிறதா?” வழிகிறது என்றால் மழை விட்டதும் போய்ச் சும்மா பார்த்துக் கொடுங்கள். வழியவில்லை என்றால் மாமி அதோடு வைக்கமாட்டார். பின்மதில் பச்சையாகப் போன கதை, மகள் தை மாதம் வரப்போகும் கதை எல்லாம் சொல்வார். கொப்பியில் தைக்கு நேரே அவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.